முப்பத்தொன்றாம் பெட்டி

அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது. காலையில் கிடங்கு ஏலத்தில் ஐந்தாம் நம்பர் ரூமுக்கு முன்னால் நிற்கும்போது கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் காகிதக் கப்பை நீட்டி, வெயிலில் வந்திருக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்று சொன்னதும், தனகோட்டி ஈயென்று இளித்துக்கொண்டு வாங்கிக் குடித்துவிட்டான். மெட்ராஸில் இன்னும் நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தான் வேறு. அந்த நினைப்பைச் செருப்பாலடிக்க வேண்டும். குடித்து முடித்த கையோடு அந்த ரூமுக்கு ஏலம் கேட்கக் கையைத் தூக்கினான் பாருங்கள், கூடியிருந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் பெயர் டில்லிபாபு, சைதாப்பேட்டையில் பழைய சாமான் வியாபாரம். அவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்தவன் அந்த ரூமுக்குக் கை தூக்கக் கூடாதாம். இங்கே டீ என்பது ஒதுங்கிக்கொள்கிறேன் என்று கொடுக்கும் வாக்கு. டில்லிபாபு ஒருத்தரே குறைந்த விலைக்கு ரூமை எடுப்பார், சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்து அந்தச் சாமானைத் தங்களுக்குள் இன்னொரு தடவை ஏலம் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இது எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? வாசலில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தவன் அவன். வாடகை கட்டாமல் ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் ரூம்கள் உள்ளிருக்கும் சாமானோடு ஏலத்துக்கு வரும், ஷட்டர் தூக்கியதும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம், மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது, எடுத்தவன் அன்றே பணம் கட்டி ஆறு மணிக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும். டீயைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து ஒருத்தன்கூட அவன் பக்கத்தில் நிற்கவில்லை. அவன் எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு முதுகு வந்து நின்றது. எட்டாம் நம்பரில் யாரோ அவன் காலை நன்றாக மிதித்துவிட்டு, மிதித்தவனே அவனை முறைத்தான். பன்னிரண்டாம் நம்பரில் அவன் கேட்கக் கேட்க விலையை ஏற்றி, அவன் வாய் மூடியதும் சிரித்தார்கள். மாதவரத்துத் தகரக் கூரைக்குக் கீழே, அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரு கப் டீக்காக இத்தனை பகை. போங்கடா, உங்கள் டீயும் நீங்களும்.

பதினேழாம் நம்பர் ஷட்டர் தூக்கும்போது அவனுக்குப் பாதி ஆசை போயிருந்தது. சும்மா திரும்பிப் போவதுதான் கேவலம். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் முனிரத்தினம் குட்டி யானை லோடு வண்டியோடு காத்துக்கொண்டிருக்கிறான். மனைவி அம்சாவின் தம்பி, சொந்த மச்சான். மாமா முதல் தடவை ஏலத்துக்குப் போகிறார் என்று இன்றைய சவாரியை விட்டுவிட்டு வந்தவன். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது அவன் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டான், பரவாயில்ல மாமா, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம் என்பான். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியாது. அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கோபப்பட்டால்கூட நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே தனகோட்டி ஒரு முதுகுக்கும் இன்னொரு முதுகுக்கும் நடுவில் டார்ச்சை நுழைத்து அடித்தான். பீரோ ஒன்று, போர்வை சுற்றிய சோபா, கட்டில் சட்டங்கள், மீதி எல்லாம் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிகளைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிட்டது. பதினெட்டு வருஷம் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரியாக இருந்தவன். ஒரு பெட்டியைப் பார்த்தால் எந்தக் கம்பெனி கட்டியது என்று சொல்வான். இதைக் கட்டியது யார் என்று சொல்ல யோசிக்கவே வேண்டியதில்லை. டேப்பை நெடுக்கே இரண்டு, குறுக்கே ஒன்று, மூலையில் மடக்கி ஒட்டும் வழக்கம் யாருடையது? நம்பரைப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுக்கும் வழக்கம் யாருடையது? நீல மார்க்கரில், பள்ளிக்கூடத்துக்குப் பாதியில் முழுக்குப் போட்ட அவனுடைய சொந்தக் கோணல் எழுத்தில், பதினான்கு, இருபத்திரண்டு, நாற்பது. அப்புறம் டார்ச் கொஞ்சம் இறங்கியபோது, கீழ் வரிசையில், முப்பத்தொன்று. கிரைண்டர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. கூட்டல் குறிக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

கூட்டல் போட்டால் அப்புறம் ஒரு சாமான் எழுத வேண்டும். அது அவனே ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை. பெட்டியில் இரண்டு சாமான் இருந்தால் நடுவில் கூட்டல் போடு, கூட்டலை வெறுமனே விடாதே. வேறு வீடாக இருக்கலாம், எத்தனை வீடு கட்டியிருக்கிறோம், எத்தனை கிரைண்டர், எவன் வீட்டில்தான் கிரைண்டர் இல்லை. ஆனால் சோபாவின் போர்வை ஓரத்தில் தெரிந்த அந்தச் சிவப்புப் பூ போட்ட துணி அவனுக்குத் தெரியும். அண்ணா நகரில் மூன்றாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர், பாங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவரும் அந்த அம்மாவும். மகனோடு இருக்க வெளிநாடு போகிறார்கள், சாமானைக் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அம்மா நல்ல மாதிரி, ஆட்களுக்கு மோர் கொடுத்தார்கள். நான்கு வருஷம் ஆகிறதா? நான்கு வருஷம் இரண்டு மாசம். அவனுக்கா கணக்குத் தெரியாது? எந்தக் கிடங்கு என்று அன்றைக்கு அவன் கவனிக்கவில்லை, லாரியோடு போனது அப்போது அதே கம்பெனியில் சாமான் தூக்கிக்கொண்டிருந்த முனிரத்தினமும் இன்னும் இரண்டு பேரும். கிரைண்டர் அந்தக் காலத்துப் பெரிய கிரைண்டர், குழவியைத் தனியே எடுத்துவிட்டால் டிரம் ஆவென்று காலியாக இருக்கும். காலியாக எதையும் கட்டாதே, பள்ளம் இருந்தால் எதையாவது போட்டு நிரப்பு, இல்லாவிட்டால் லாரி குதிக்கிற குதியில் அமுங்கிவிடும். இதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். எதைப் போட்டு நிரப்பினான்? துண்டு ஒன்று. பச்சைத் துண்டு. துண்டுக்குள்ளே என்ன? அங்கேதான் நான்கு வருஷமாக மனசு போய் முட்டிக்கொண்டு நிற்கும். பச்சைத் துண்டு வரைக்கும் தெளிவாக வரும், அதற்கப்புறம் போன் அடிக்கும். கம்பெனியிலிருந்து போன், இன்னும் முடியலையா, சாயங்காலம் கொளத்தூரில் ஒரு வீடு இருக்கே என்று. அவன் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனான், திரும்பி வந்தான், அடுத்த பெட்டியை எடுத்தான். முப்பத்திரண்டு. மிக்ஸி.

வெள்ளிக் குடம். அந்த அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது, ஒரு கிலோவுக்கு மேல் எடை. வெள்ளிச் சாமானெல்லாம் எட்டாம் பெட்டியில் இருக்கும் என்று லிஸ்டில் இருந்தது, லாக்கரில் வைப்பதற்காக மறுநாள் கிடங்குக்கு வந்து எட்டாம் பெட்டியை மட்டும் பிரித்தார்கள், குடத்தைக் காணோம், போலீசில் புகார் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் பெட்டிக்குக் குடம் அடங்கவில்லை, வாய் அகலம், அவன்தான் எடுத்து ஓரமாக வைத்தான், அதுவரைக்கும் நினைவிருக்கிறது. ஓரமாக வைத்ததை அப்புறம் என்ன செய்தான் என்பதைத்தான் ஸ்டேஷனிலும் கேட்டார்கள். ஏட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார், எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பார்த்தாச்சா? அறுபத்து நான்கு பெட்டி. கம்பெனிக்காரன் சாவி வாங்கிக்கொண்டு யாரையோ அனுப்பினான், மேலாகக் கிடந்த எட்டோ பத்தோ பிரித்துவிட்டு அவன் திரும்பிவிட்டது தனகோட்டிக்குத் தெரியும். பார்த்தாச்சு சார் என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? பயம். பயம்தான், வேறென்ன, பெரிய காரணமா வேண்டும். சமையல்கட்டில் யார் யார் இருந்தது? நான் சார். உன்னைத் தவிர? அப்போது ஒரு மேஜை, அதன்மேல் ஒரு லத்தி, ஒரு வாழைப்பழத் தோல். வாழைப்பழத் தோலையே பார்த்துக்கொண்டு, முனிரத்தினம்னு ஒரு ஆள் சார், அவன்தான் கடைசியா உள்ள இருந்தான் என்றான். பொய்யுமில்லை. அவன் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். தண்ணீர் குடித்தான் என்பதைச் சொல்லாமல் விட்டது மட்டும்தான். அவனை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தனகோட்டியே போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தான், ஆட்டோவில் முனிரத்தினம் அவன் தோளில் சாய்ந்துகொண்டே வந்தான், இடது காதில் பஞ்சு. அந்தக் காது போய்விட்டது. கம்பெனி அவனை அன்றைக்கே நிறுத்தியது, தனகோட்டியை வைத்துக்கொண்டது, போன வருஷம் கம்பெனியை இழுத்து மூடும்வரைக்கும் மேஸ்திரி. யார் தன் பெயரைச் சொன்னது என்று முனிரத்தினம் இன்றுவரை கேட்டதில்லை. யாரிடமாவது பேச்சு வந்தால், மாமா மட்டும் அன்னிக்கு வரலேன்னா என்னைக் கொன்னே போட்டிருப்பாங்க என்பான். அம்சா அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனுக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்குகிற வேதனை எவனுக்குத் தெரியும்.

அவன் எடுத்திருக்க மாட்டான் என்று மட்டும் என்ன நிச்சயம்? நான்கு வருஷமாகத் தனகோட்டியைத் தூங்க வைத்தது இந்த ஒரு கேள்விதான். அந்தத் தீபாவளிக்கு முனிரத்தினம் புதுச் செருப்பு வாங்கினான், எங்கேயிருந்து வந்தது காசு? அப்புறம் இந்த வண்டி. வண்டிக்குக் கடன் போட்ட தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே தனகோட்டிதான், அது தெரிந்தும் கேட்டுக்கொள்வான், எங்கேயிருந்து வந்தது? அவன் சிரிக்கும்போதெல்லாம் உற்றுப் பார்ப்பான், திருட்டுச் சிரிப்பா என்று. எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, தான் சொன்னது நிஜமாகிவிடும், காது போனதும் நியாயமாகிவிடும். வண்டியில் போகும்போது முனிரத்தினம் வலது பக்கம் ஓட்டுவான், தனகோட்டி இடது பக்கம் உட்காருவான், அதாவது கேட்காத காதின் பக்கம். அவன் ஏதாவது சொன்னால் முனிரத்தினம் ரோட்டை விட்டுவிட்டு முழு முகத்தையும் திருப்புவான். அந்த முகம் திரும்பும்போதெல்லாம் தனகோட்டிக்கு எரிச்சல் வரும், ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்று கத்துவான். செவிடனா நீ என்று ஒரு நாள் வந்துவிட்டது வாயில். அதற்கும் சிரித்தான். இப்போது அந்தக் கூட்டல் குறியைப் பாருங்கள், நாலு வருஷமாக இருட்டில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறது. போன் வந்தபோது மார்க்கர் கையில்தான் இருந்தது. கிரைண்டர், கூட்டல், அடுத்தது எழுதுவதற்குள் போன். அடுத்தது என்ன? துண்டை எவனாவது லிஸ்டில் எழுதுவானா?

"இன்னா தலைவரே, இந்த ரூம்ல உன்னுது எதுனா கீதா? அப்படிப் பார்க்கிற?"

டில்லிபாபுதான். கையில் டீ. இரண்டு கப், ஒன்று அவருக்கு, ஒன்று தனகோட்டிக்கு. காலையில் தெரியாமல் செய்துவிட்டாய், மறந்துவிட்டேன் என்று தணிந்த குரலில் சொன்னார். பெரிய சரக்கு ஒன்றுமில்லை, பீரோ மட்டும்தான் தேறும், பழைய பாத்திரம் பண்டம் கிலோ கணக்கில் போகும். இதைக் குடித்துவிட்டு நில், சாயங்காலம் கடைக்கு வா, உன் பங்கு உனக்கு வரும், அடுத்த மாசத்திலிருந்து நீயும் எங்களில் ஒருத்தன். குடிக்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, பின்னால் நின்ற நான்கு பேரின் முகம் சொல்லியது. தனகோட்டி கப்பை வாங்கினான். சூடு விரலில் ஏறியது. எவ்வளவு சுலபம். குடித்தால் போதும். டில்லிபாபு ரூமை எடுப்பார், முப்பத்தொன்றைப் பிரிப்பார், குடம் இருந்தால் யோகமடித்தது என்று விற்றுத் தின்பார், இல்லாவிட்டால் கிரைண்டரை இரும்புக் கடையில் போடுவார். எப்படியும் தனகோட்டிக்குத் தெரிய வராது. சாயங்காலம் கடைக்குப் போகாமல் இருந்துவிட்டால் சாகிற வரைக்கும் தெரிய வராது. புதுச் செருப்பு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். எடுத்தாலோ, வண்டி உள்ளே வரும். வண்டியை ஓட்டிக்கொண்டு முனிரத்தினம் வருவான். இந்தப் பெட்டிகளை மூன்று மாடி இறக்கியவன் அவன், ஏற்றப் போகிறவனும் அவன், மாமா, இது அந்த வீட்டுச் சாமானாச்சே என்பான். முப்பத்தொன்றைத் தோளில் வைத்தால் உள்ளே ஏதோ ஆடுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், கை அனுபவம் அப்படி. தூக்குப் போட்டுக்கொள்ளலாம் அதற்கு. குடித்துவிடு. நான்கு வருஷம் விழுங்கவில்லையா, இதையும் விழுங்கு.

கப்பை வாயருகே கொண்டுபோனான். ஏலக்காய் வாசனை. அந்த அம்மா கொடுத்த மோரில் பெருங்காய வாசனை. முனிரத்தினம் சமையல்கட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தான், சொம்பை அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய, பிறகு கையைத் துடைக்கத் துணி தேடினான். கொக்கியில் தொங்கிய பச்சைத் துண்டை எடுத்தான். அதை எடுக்காதடா, எனக்கு வேணும், குடத்துக்குச் சுத்தணும் என்றான் தனகோட்டி. என்றானா? என்றான். துண்டைப் பிடுங்கி, குடத்தைச் சுற்றி, டிரம்முக்குள் இறக்கினான். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சபாஷ் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். முனிரத்தினம்கூடச் சிரித்தான், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. அவனுக்குத் தெரிந்திருக்குமே. அவன் பார்த்தானே. பார்த்தவன் ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருப்பான். கிரைண்டரில் இருக்கு சார், மாமா வெச்சார் சார் என்று சொல்லியிருப்பான், எல்லாப் பெட்டியும் பார்த்தாச்சுன்னு உன் மாமனே சொல்லிட்டான்டா என்று காதோடு சேர்த்து ஒன்று விட்டிருப்பார்கள். மறுபடியும் சொல்லியிருப்பான், மறுபடியும் விட்டிருப்பார்கள். அப்படியானால் அவனுக்குத் தெரியுமா? எல்லாம் தெரிந்துகொண்டா மாமா மாமா என்கிறான்? இல்லை, அவன் பார்க்கவில்லை, சிரித்தது வேறு எதற்கோ. பார்த்தான். பார்க்கவில்லை. கிடங்கு மேனேஜர் மைக்கைத் தட்டினார். பதினேழாம் நம்பர், ஆரம்ப விலை ஐயாயிரம் என்றார். டில்லிபாபு ஒரு விரலைத் தூக்கினார், மற்றவர்களெல்லாம் கூரையைப் பார்த்தார்கள். ஆறாயிரம், ஒரு தரம். யாருக்கும் அவசரமில்லை. ஆறாயிரம், ரெண்டு தரம்.

தனகோட்டி குனிந்து கப்பைத் தரையில் வைத்தான். சரியாக மஞ்சள் கோட்டின்மேல், நிரம்பிய கப், ஒரு வாய்கூடக் குறையாமல். கை மேலே போனது. ஏழு என்று கேட்டது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். அதன்பிறகு அவர்கள் அவனைச் சும்மா விடவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று ஏற்றினார்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கெட்ட வார்த்தை. பின்னாலிருந்து ஒரு முழங்கை விலாவில் இறங்கியது. டீக்கப்பை யாரோ காலால் தட்டிவிட்டார்கள், சூடாகப் பாதத்தில் கொட்டியது. சட்டைப்பையில் நாற்பதாயிரம், அவனுடைய கடைசி சேமிப்பு, பழைய சாமான் கடை வைக்கலாம் என்று அம்சாவிடம் சொல்லி எடுத்துவந்தது. அதை இங்கேயே கரைத்து அனுப்பவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கரையட்டும். அவர்கள் மேலிருந்த வெறுப்பெல்லாம் இப்போது வேறெங்கோ போய்விட்டிருந்தது, திட்டுவதற்கு அவர்களைவிடத் தகுந்த ஆள் ஒருத்தன் இருந்தான். முப்பத்தெட்டு என்றான். டில்லிபாபு அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். என்ன தெரிந்ததோ, விரலை மடக்கிக்கொண்டார். "எடுத்துக்கினு போ" என்றார். "இனிமே இந்தப் பக்கம் வராதே." மூணு தரம் என்றார் மேனேஜர்.

பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமல் நேரே வெளியே நடந்தான். பிரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கால் இரண்டு தடவை நின்றது. பார்த்தால் ஒருவேளை இல்லாமல் இருக்கும், இல்லாமல் இருந்தால் மறுபடியும் செருப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவான், தன்னைப் பற்றி அது அவனுக்கு நன்றாகத் தெரியும். வெயில் கண்ணில் அறைந்தது. குட்டி யானையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி வலது ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனகோட்டி வழக்கம்போல இடது பக்கத்துக் கதவருகே போய் நின்றான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நின்றபடியே சொன்னான்.

"நாந்தான்டா ஸ்டேஷன்ல உன் பேரைச் சொன்னேன்."

சொல்லிவிட்டான். நான்கு வருஷத்தில் முதல் தடவை வாய் விட்டுச் சொல்லிவிட்டான், உலகம் அப்படியே இருந்தது, பாட்டு ஓடியது, ஒரு லாரி போனது. நிழல் அசைந்ததைப் பார்த்து முனிரத்தினம் முழு முகத்தையும் திருப்பினான். சிரித்தான். பாட்டை நிறுத்தினான்.

"இன்னா மாமா? ரூம் கெடச்சுதா? எதுனா சொன்னீங்களா, கேக்கல."

கிடைத்தது, வண்டியை உள்ளே எடு என்று சொன்னால் போதும். அதுவும் நிஜம்தான். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, சுடுகிற முன்பக்கத் தகட்டைக் கையால் பிடித்தபடி, தனகோட்டி வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான்.